பழைய பிஎம்டபிள்யூ ஈ46-க்கு வீலும் டயரும்: எது உட்காரும், எது உரசும்

17 அங்குல ரிம், 8ஜே (8 அங்குல) அகலம், ஈடி47 (வீல் எவ்வளவு உள்ளே உட்காரும் என்பதன் அளவு, மி.மீட்டரில்). நாலு பக்கமும் ஒரே டயர், 225/45 ஆர்17. பிஎம்டபிள்யூ 3 சீரிஸ் ஈ46 செடானுக்கு எந்த வீல் போடலாம் என்று யார் கேட்டாலும் முதல் பதில் இதுதான். கம்பெனியே கொடுத்த அளவு, எங்கேயும் உரசாது, இந்த அளவில் டயருக்கும் பஞ்சமில்லை. ஆனால் பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், நாளைக்கு ஒருவர் "18 இன்ச் எம் ரிம் சார், உங்க வண்டிக்கு அப்படியே உட்காரும்" என்று நீட்டும்போது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று தெரியாது. கணக்கு தெரிந்தால் ரெண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

இந்த செடான் 1998-ல் வந்தது, 2005-ல் நின்றது. கடைசியாக வந்த வண்டிக்கே இப்போது இருபது வயது. புதுக் காரில் வீல் மாற்றுவதற்கும் இதில் மாற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் அந்த இருபது வருஷத்தில் இருக்கிறது. ரப்பர் புஷ் தளர்ந்திருக்கும், ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கும், யாரோ ஒரு பழைய உரிமையாளர் வேறு ஸ்பிரிங் போட்டு வண்டியை இறக்கியிருப்பார். ஆகவே காகிதத்தில் சரியாக வரும் அளவு வண்டியில் உரசலாம்.

கம்பெனி என்னென்ன கொடுத்தது என்று முதலில் பார்ப்போம். சின்ன எஞ்சின் வண்டிகளில் 15 அங்குல ரிம், 195/65 டயர். அதற்கு மேல் 7ஜே × 16, ஈடி47, 205/55. அதற்கும் மேல் 8ஜே × 17, ஈடி47, 225/45. ஸ்போர்ட் பேக்கேஜில் 18 அங்குலம்: முன்னால் 8ஜே ஈடி47 ரிம்மில் 225/40, பின்னால் 8.5ஜே ஈடி50 ரிம்மில் 255/35. பார்க்க நாலும் நாலு விதம். ஆனால் டயரோடு சேர்த்து மொத்த விட்டத்தைக் கணக்கிட்டால் எல்லாம் ஒரே இடத்துக்கு வந்து நிற்கும்.

225/45 ஆர்17-ஐக் கையால் போட்டுப் பாருங்கள். 225 என்பது மி.மீட்டரில் டயரின் அகலம். அதில் 45 சதவீதம் சைடுவால் உயரம், 101 மி.மீ. சொச்சம். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஆக 202.5. ரிம் 17 அங்குலம், 25.4-ஆல் பெருக்கினால் 431.8. கூட்டினால் 634.3 மி.மீ. இதே கணக்கில் 195/65 ஆர்15 634.5, 205/55 ஆர்16 631.9, 225/40 ஆர்18 637.2, 255/35 ஆர்18 635.7. ரிம் மூன்று அங்குலம் வளர்ந்தும் டயரின் மொத்த விட்டம் 6 மி.மீட்டருக்குள்ளேயே நிற்கிறது. ஸ்பீடோமீட்டர், ஏபிஎஸ், கியர் விகிதம், மட்கார்டு இடைவெளி எல்லாம் இந்த 635-ஐச் சுற்றித்தான் அமைத்திருக்கிறார்கள். எந்த டயரைப் பார்த்தாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: 635-க்கு எவ்வளவு பக்கம்? ஒரு சதவீதத்துக்குள் இருந்தால் யோசிக்க வேண்டியதில்லை. 235/45 ஆர்17 643 வரும், 635-ஐவிட 1.3 சதவீதம் பெரிசு. இறக்காத வண்டியில் ஓடும், இறக்கிய வண்டியில் முன் லைனரை (மட்கார்டுக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறை) தொடும். 235/40 ஆர்17 என்றால் 620-க்கு இறங்கிவிடும். மட்கார்டுக்குள் வெற்றிடம் தெரியும், ஸ்பீடோமீட்டர் இருக்கிற வேகத்தைவிடக் கூடக் காட்டும்.

ரிம்மின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். ஸ்போக்கின் உள்முகத்தில் வார்ப்பிலேயே எழுத்து இருக்கும். 8ஜே×17 என்று அளவு, பக்கத்தில் ஈடி47 அல்லது ஐஎஸ்47. ஐஎஸ் என்றாலும் ஈடி என்றாலும் ஒன்றுதான், ஆஃப்செட். கூடவே ஏழு இலக்கப் பாகம் எண்ணும் இருக்கும். விற்பவர் சொல்வதைவிட இந்த எழுத்தை நம்பலாம். எழுத்தே இல்லாத ரிம் என்றால், கையில் டேப்போடு போய் நீங்களே அளக்கிற வரை காசை எடுக்காதீர்கள்.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் வீலை மாட்டும் இடம்) உட்காரும் முகம் எவ்வளவு வெளியே தள்ளியிருக்கிறது என்ற அளவு. ஈடி ஏறினால் வீல் உள்ளே போகும், இறங்கினால் வெளியே வரும். தனியாக ஈடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அகலமும் சேர வேண்டும். அகலத்தில் பாதியை எடுத்து ஈடியைக் கூட்டினால் ஹப் முகத்திலிருந்து உள் விளிம்பு எவ்வளவு தூரம் என்று கிடைக்கும். அதே பாதியில் ஈடியைக் கழித்தால் வெளி விளிம்பு. கம்பெனி 17 அங்குலம், 8ஜே ஈடி47: 8 அங்குலம் 203.2, பாதி 101.6. உள்ளே 148.6, வெளியே 54.6. இந்த இரண்டு எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், இனி எந்த ரிம் வந்தாலும் இவற்றோடு ஒப்பிட்டால் போதும். (ஜே அளவு டயர் உட்காரும் இடத்தில் எடுப்பது. இரண்டு பக்க உதட்டையும் சேர்த்தால் ரிம் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் கூடுதல் அகலம் இருக்கும். ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால் கணக்கு மாறாது.)

கடையில் வாங்கும் 18 × 8.5 ஈடி35 ரிம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதி 107.95. உள்ளே 142.95, அதாவது ஸ்ட்ரட்டிலிருந்து (வீலுக்கு உள்பக்கம் ஷாக்கையும் ஸ்பிரிங்கையும் தாங்கும் குழாய்) 5 மி.மீட்டருக்கு மேல் கூடுதலாக விலகும். நல்லது. வெளியே 72.95, பழையதைவிட 18 மி.மீ. வெளியே தள்ளும். முன்பக்கம் 225 டயரோடு, இறக்காத வண்டியில் இது ஓடும். 235 போட்டு வண்டியையும் இறக்கினால் மட்கார்டு உதட்டில் தட்டும். அதோடு, ஈடி இறங்க இறங்க டயர் தரையைத் தொடும் இடம் ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்து விலகிப் போகிறது. சாலைப் பள்ளமெல்லாம் கைக்கு வரும், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் பக்கவாட்டில் இழுக்கும். ஈ46-ன் ஸ்டீயரிங்குக்காகத்தான் பலர் இந்த வண்டியை வாங்குகிறார்கள். அதைக் கெடுக்கிற ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எம்3 (3 சீரிஸின் வேகமான வகை) ரிம்மில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஈ46 எம்3-யும் 5×120 போல்ட் வட்டம் (120 மி.மீ. வட்டத்தில் அஞ்சு போல்ட்), 72.6 நடுத்துளை, எல்லாம் ஒன்று. முன் ரிம் 8ஜே × 18 ஈடி47, செடானுக்கு அப்படியே உட்காரும். பின் ரிம் 9ஜே × 18 ஈடி26. போடுங்கள் கணக்கை: பாதி 114.3, வெளியே 88.3. செடானின் கம்பெனி 18 அங்குலப் பின் ரிம் 8.5ஜே ஈடி50, அதற்கு வெளியே 57.95. முப்பது மி.மீ. வித்தியாசம். எம்3-க்குப் பின் மட்கார்டே அகலமாக அடித்தது, செடானுக்கு இல்லை. ரிம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், முதல் ஸ்பீட் பிரேக்கரிலேயே டயரின் தோளை மட்கார்டு உதடு வெட்டும். டயரையும் கழற்றாமல் தருகிறார்கள் என்றால் இன்னொரு சிக்கல். எம்3-யின் முன் டயர் 225/45 ஆர்18, மொத்த விட்டம் 659.7, செடானுக்கு வேண்டியதைவிட 4 சதவீதம் பெரிசு. ரிம் சரி, டயர் தப்பு. முன் ரிம் நாலு கிடைத்தால், அதாவது 8ஜே ஈடி47 நாலு, வாங்கி 225/40 போட்டுக்கொள்ளலாம். பின் ரிம்மை விட்டுவிடுங்கள்.

ஈ39 5 சீரிஸ் ரிம்மும் அடிக்கடி விலைக்கு வரும். போல்ட் வட்டம் அதே 5×120. ஆனால் நடுத்துளை 74.1, ஆஃப்செட் ஈடி20. ஈடி47-க்கு 27 மி.மீ. வெளியே. துளைக்கு ரிங் போடலாம், ஆஃப்செட்டுக்கு மருந்து கிடையாது.

ஈ90 ரிம் கொஞ்சம் நியாயமான தேர்வு. சென்னை மஹிந்திரா வேர்ல்ட் சிட்டி தொழிற்சாலையில் 2007-ல் பூட்ட ஆரம்பித்த 3 சீரிஸ் அதுதான், ஆகவே தமிழ்நாட்டில் பழைய ரிம் தேடுபவர் கண்ணில் இது படுவது இயல்பு. 8ஜே × 17 ஈடி34, துளையும் போல்ட்டும் ஈ46-க்குப் பொருந்தும். 13 மி.மீ. வெளியே வரும், 225/45 டயரோடு சாதாரண உயரத்தில் உரசாமல் ஓடும். பின்னுக்கான 8.5ஜே ஈடி37-ல் 255 டயர் இருந்தால் மட்டும் உஷார், பின் மட்கார்டு உதட்டுக்கு மிக நெருங்கிவிடும். இந்த ரிம்கள் ரன்ஃப்ளாட் டயரோடு (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்) வரலாம். சைடுவாலில் அதற்கான குறி இருக்கிறதா என்று பாருங்கள். விறைப்பான, கனமான டயர் அது, இருபது வயது ஷாக் அப்சார்பரோடு சேர்ந்தால் பல்லெல்லாம் ஆடும். கழற்றிவிட்டுச் சாதாரண டயர் போடுவதே நல்லது. ஈ46-ல்தான் ஸ்டெப்னி வைக்க இடம் இருக்கிறதே. 2019-லிருந்து வந்த ஜி20 3 சீரிஸ் ரிம்மைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அதன் போல்ட் வட்டம் 5×112.

காகிதக் கணக்கு முடிந்ததும் வண்டியில் அளக்க வேண்டும். முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, இப்போது இருக்கும் டயருக்கும் ஸ்ட்ரட் குழாய்க்கும் எவ்வளவு இடைவெளி இருந்தது என்பதைக் களிமண்ணால் பிடிக்கலாம். பிள்ளைகள் விளையாடும் களிமண் போதும். சுண்டுவிரல் தடிமனுக்கு ஓர் உருண்டை, ஸ்ட்ரட்டில் டயருக்கு நேரெதிரே ஒட்டி, சக்கரத்தை மாட்டி, போல்ட் முறுக்கி, ஒரு சுற்று கையால் சுற்றிவிட்டுக் கழற்றுங்கள். நசுங்கி நிற்கும் களிமண்ணின் தடிமன்தான் உங்கள் கையிருப்பு. புது ரிம்மின் உள்பக்க எண் பழையதைவிட எவ்வளவு கூடுகிறதோ அதுவும், டயர் எவ்வளவு அகலமாகிறதோ அதில் பாதியும் இந்தக் கையிருப்பிலிருந்து கழியும். கடைசியில் 5 மி.மீ. மிஞ்சினால் நிம்மதி. 3-க்குக் கீழே போகக் கூடாது. திருப்பத்தில் டயர் பக்கவாட்டில் வளையும், ரிம்மும் ஸ்ட்ரட்டும்கூடக் கொஞ்சம் வளைந்துகொடுக்கும். ஸ்ட்ரட் தொடர்ந்து உரசினால் சைடுவாலின் உள்பக்கம் தேய்ந்து, வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாமல், ஒருநாள் வெடிக்கும்.

காலிப்பரையும் (பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் கவ்வி) பார்க்க வேண்டும். 330ஐ-யின் முன் டிஸ்க் 325 மி.மீ. விட்டம். 16 அங்குல ரிம்மில் எல்லாமும் அதன்மேல் ஏறாது, 15 ஏறவே ஏறாது. விட்டம் போதுமானதாக இருந்தாலும் ஸ்போக்கின் உள்வளைவு காலிப்பர் முகத்தில் இடிக்கலாம். இதற்குக் கணக்கு உதவாது, டயர் இல்லாத ரிம்மை ஹப்பில் மாட்டிச் சுற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இனி டயர். அகலமான டயர் என்றால் பிடிமானம் கூடும் என்று நினைத்து 7ஜே ரிம்மில் 235 போடுபவர்கள் இருக்கிறார்கள். 225/45 ஆர்17-க்கு அனுமதித்த ரிம் அகலம் 7-லிருந்து 8.5 வரை, அளவு எடுக்கும் ரிம் 7.5. 8ஜே-யில் போட்டால் சைடுவால் நேராக நின்று ஸ்டீயரிங் திருப்பியவுடனே பதில் சொல்லும். 7-ல் போட்டால் டயர் நடுவில் உப்பி, தோள் இரண்டும் உள்வாங்கி, திருப்பத்தில் வண்டி ஒரு நொடி தாமதமாகத் திரும்பும். அதே ரிம்முக்குப் பத்து மி.மீ. அகலமான டயரைவிட, சரியான அகலத்தில் நல்ல ரப்பர் கலவை உள்ள டயர் எப்போதும் மேல். டயர் கம்பெனிக்குக் கொடுக்கும் காசில் கைவைக்காதீர்கள், ரிம்மில் மிச்சம் பிடியுங்கள்.

சுமைக் குறியீட்டை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பார்க்க வேண்டும். 205/55 ஆர்16-ல் 91 என்று இருக்கும், ஒரு டயருக்கு 615 கிலோ. 225/40 ஆர்18 எக்ஸ்எல் (கூடுதல் சுமை) வகையில் 92 என்று இருக்கும், 630 கிலோ. கூடத்தானே செய்கிறது என்று விட்டுவிடுவோம். ஆனால் சாதாரண டயர் தன் முழுச் சுமையை 2.5 பாரில், அதாவது 36 பிஎஸ்ஐ-யில் தூக்கும். எக்ஸ்எல் அதற்கு 2.9 பார் கேட்கும், 42 பிஎஸ்ஐ. இரண்டிலும் 36 பிடித்தால் 92 எக்ஸ்எல் தூக்குவது கிட்டத்தட்ட 560 கிலோதான், பழைய 16 அங்குல டயரைவிடக் குறைவு. ஆகவே கதவுத் தூணில் ஒட்டியுள்ள அட்டையில் 16 அங்குலத்துக்குப் போட்டிருக்கும் அளவைவிட 4, 5 பிஎஸ்ஐ கூடப் பிடிக்க வேண்டும். இதைச் செய்யாமல் விடுவதால்தான் 18 அங்குல ரிம்கள் இத்தனை பெண்டு எடுக்கப் போகின்றன என்று சொன்னால் மிகையில்லை. 16-ல் சைடுவால் 113 மி.மீ., 17-ல் 101, 18-ல் 90. பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் இருப்பது அந்த 90 மி.மீ. ரப்பரும் அதற்குள் இருக்கும் காற்றும் மட்டும்தான்.

இதனால்தான் தினமும் ஓட்டுகிற வண்டிக்கு 17 போதும் என்று உறுதியாகச் சொல்கிறோம். 18 பார்க்க இந்த வண்டிக்கு நன்றாகவே இருக்கும், அதில் சந்தேகமில்லை. நல்ல சாலை, நல்ல ஷாக், காற்று பார்க்கிற பழக்கம் மூன்றும் இருந்தால் போடுங்கள். பின்னால் அகலம், முன்னால் குறுகல் என்ற அமைப்பு வேண்டாம் என்பது எங்கள் கட்சி. முன்பின் மாற்றிப் போட முடியாது, பின் டயர் தனியாகத் தேய்ந்து தனியாகச் செலவு வைக்கும், திருப்பத்தில் வண்டியின் மூக்கு வெளியே தள்ளும். நாலு சக்கரமும் இழுக்கும் 325எக்ஸ்ஐ, 330எக்ஸ்ஐ வைத்திருப்பவர்களுக்கு இதில் பேச்சே இல்லை. நாலும் ஒரே அளவு, ஒரே கம்பெனி, தேய்மானமும் கிட்டத்தட்ட ஒன்றாக.

நடுத்துளை 72.6. வெளிக் கம்பெனி ரிம்கள் பல வண்டிக்கும் பொருந்தப் பெரிய துளையோடு வரும். ரிங் போடாமல் மாட்டினால் ரிம் ஒரு மயிரிழை நடு தப்பி நிற்கும், 90-லிருந்து 110 வேகத்துக்குள் ஸ்டீயரிங் அதிரும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் போகாது, ஏனென்றால் பேலன்சிங் மெஷினில் ரிம் சரியாக நடுவில்தான் உட்கார்கிறது. ரிங் போட்டும் அதிர்வு போகவில்லை, அதுவும் பிரேக் பிடிக்கும்போது கூடுகிறது என்றால் ரிம்மை விட்டுவிட்டு முன் கண்ட்ரோல் ஆர்மின் பின் புஷ்ஷைப் பாருங்கள். ஈ46-ல் முதலில் போகும் ரப்பர் அதுதான். குறுகலான மென்மையான 15 அங்குல டயரில் தெரியாமல் இருந்த தளர்ச்சி, அகலமான டயர் போட்ட அன்றைக்கு வெளியே வரும். பின்னால் டிரெய்லிங் ஆர்ம் புஷ் தளர்ந்திருந்தால் பின் டயரின் உள் விளிம்பு மட்டும் கம்பி தெரியும்வரை தேயும். பின் ஆக்சில் மாட்டியிருக்கும் தரைத் தகடு விரிசல் விடுவதும் இந்த வண்டிக்குத் தெரிந்த நோய். நல்ல பிடிமானமுள்ள அகல டயர் அந்த இடத்தில் இழுப்பைக் கூட்டும். லிஃப்டில் ஏற்றும் அன்றே டார்ச் அடித்து நாலு மூலையையும் பார்த்துவிடுங்கள்.

பழைய ரிம் வாங்கும்போது வெளி முகத்துக் கீறலைப் பார்த்து விலை பேசுகிறார்கள். கீறல் பெயிண்டில் போய்விடும். பார்க்க வேண்டியது உள் விளிம்பு. ஸ்போக்கின் தாங்கல் இல்லாத பக்கம் அது, பள்ளத்தில் முதலில் மடங்குவதும் விரிவதும் அங்கேதான். பேலன்சிங் மெஷினில் ஏற்றிச் சுற்றவிட்டு, உதட்டுக்குப் பக்கத்தில் ஒரு பேனாவை அசையாமல் பிடியுங்கள். இடைவெளி ஒரு மி.மீட்டருக்கு மேல் கூடிக் குறைந்தால் வேண்டாம். உள் பீப்பாயில் வெல்டிங் தடம், அல்லது அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயிண்ட் இருந்தாலும் வேண்டாம்.

போல்ட் எம்12, புரி 1.5, 60 டிகிரி கூம்பு முனை. உருண்டை முனைப் போல்ட் வேறு வண்டிகளுக்கு உரியது. பார்க்க ஒன்றுபோல இருக்கும், ரிம்மில் ஓரத்தில் மட்டும் தொட்டு நின்று தளரும். ஸ்பேசர் (வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவில் வைக்கும் தட்டு) போட்டால் அதன் தடிமன் அளவுக்கு நீளமான போல்ட் வேண்டும். கையால் முறுக்கும்போது குறைந்தது ஏழு, எட்டுச் சுற்று உள்ளே போக வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் ஹப் முகத்துத் துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, நடு வளையத்தில் மட்டும் துளி கிரீஸ். போல்ட் புரியில் கிரீஸ் கூடாது. அஞ்சையும் கையால் ஏற்றி, நட்சத்திர வரிசையில் முறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கி டார்க் ரெஞ்சால் 120 நியூட்டன் மீட்டர். ஏர் கன்னில் அடித்துக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு வராதீர்கள், தளர்த்திவிட்டு மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தடவை ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும்.

அந்த முதல் நூறு கிலோமீட்டரில் பின் சீட்டில் மூன்று பேரை உட்கார வைத்து, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி, ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏற்றி இறக்குங்கள். வீட்டுக்கு வந்து லைனரையும் மட்கார்டு உதட்டின் உள்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். முன் லைனரில் பம்பர் பக்கம் பளபளப்பாகத் தேய்ந்திருந்தால் முழுத் திருப்பத்தில் மட்டும் தொடுகிறது, லைனர் திருகு ஒன்றை இறுக்கினால் போகும். பின் மட்கார்டு உதட்டில் பெயிண்ட் உரிந்து கருப்புத் தடம் இருந்தால் ஆஃப்செட் தப்பு, அல்லது டயர் பத்து மி.மீ. அதிகம்.